உழவுச் சாலில் கிடந்த ரோமாபுரி



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். வழக்கம்போல வரலாறுதான். ஆனால் இன்று ராஜாக்களுக்கு விடுமுறை.

ரோமாபுரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஜூலியஸ் சீசர், அகஸ்டஸ், நீரோ, கொலோசியம். நாம் வகுப்பில் படித்தது அதுதான், பரீட்சையில் கேட்டதும் அதுதான். பேரரசு உச்சத்தில் இருந்தபோது ரோம் நகரில் மட்டும் சுமார் 10 லட்சம் பேர் வாழ்ந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு. அத்தனை வயிற்றுக்கும் கோதுமை எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்தது. சரி, கீரை? காய்கறி? பால்? அவை கடல் தாண்டி வருவதற்குள் கெட்டுப் போகுமே. நகரைச் சுற்றி இருந்த கிராமங்களிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அந்தக் கிராமங்களில் மண்வெட்டி பிடித்தவர்கள் யார்? எங்கே வீடு கட்டிக்கொண்டு இருந்தார்கள்? அப்படி எத்தனை வீடுகள்? ரோமானியர்கள் எழுதிவைத்த புத்தகங்களில் இதற்குச் சரியான பதில் இல்லை. பதில் கிடைத்தது உழுத நிலத்தில். அது எப்படிக் கிடைத்தது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் இன்றைய பாடம்.

வேயி என்ற ஊர்

ரோமுக்கு வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில் வேயி என்று ஒரு பழைய நகரம். ரோமானியர்கள் பெரியவர்களாவதற்கு முன்பே செழித்திருந்த எட்ருஸ்கர் என்ற மக்களின் நகரம் அது. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை மேட்டில், ஓடைகள் சுற்றி ஓட, அரண் போட்டதுபோல அமைந்த ஊர். அங்கே ஒரு கோயில் கூரையின் மேல் நின்ற ஆளுயர சுடுமண் அப்போலோ சிலை 1916-இல் கிடைத்தது. இன்றும் ரோமில் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் அதே புன்சிரிப்போடு இருக்கிறது.

அண்டை வீட்டுக்காரர்களுக்குள் வரப்புத் தகராறு வராமல் இருக்குமா? ரோமுக்கும் வேயிக்கும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை. கடைசியில் கி.மு. 396-இல் கமில்லஸ் என்ற தளபதி வேயியைப் பிடித்தார். பத்தாண்டு முற்றுகை என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி. ஊர் மக்களை அடிமைகளாக விற்றார்கள் என்றும், பிறகு அந்த நிலத்தை ரோமானியச் சாதாரணக் குடிமக்களுக்கு ஆளுக்கு 7 யூகேரா வீதம் பங்கிட்டார்கள் என்றும் எழுதுகிறார். நம் கணக்கில் நாலு ஏக்கருக்குச் சற்று மேல்.

அதற்குப் பிறகு புத்தகங்களில் வேயியின் பெயர் அதிகம் இல்லை. அகஸ்டஸ் காலத்துக் கவிஞர் ஒருவர் அதைப் பாழடைந்த ஊராகப் பாடிவிட்டுப் போய்விட்டார்.

எழுதத் தெரிந்தவர்கள் சொன்னது

வகுப்பில் டைபீரியஸ் கிராக்கஸ் என்ற பெயரைப் படித்தது நினைவிருக்கிறதா? கி.மு. 133-இல் டிரிபியூன் பதவிக்கு வந்து, ஒருவர் வைத்திருக்கும் பொது நிலத்துக்கு உச்சவரம்பு விதித்து, மிச்சத்தை ஏழைகளுக்குக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தவர். அந்த ஆண்டே அவரை அடித்துக் கொன்றார்கள்.

அவருக்கு இந்த எண்ணம் எப்படி வந்தது? அவருடைய தம்பி கயஸ் எழுதியதாக புளூட்டார்க் ஒரு செய்தி தருகிறார். டைபீரியஸ் ஸ்பெயின் நாட்டுப் போருக்குப் போகும் வழியில் எட்ருஸ்கர் நாட்டைக் கடந்தாராம். நிலம் ஆளின்றிக் கிடந்ததாம். உழுகிறவர்களும் ஆடு மாடு மேய்க்கிறவர்களும் வெளிநாட்டிலிருந்து பிடித்துவந்த அடிமைகளாகவே இருந்தார்களாம்.

இதையும் இதுபோன்ற வேறு சில வரிகளையும் வைத்துத்தான் நெடுங்காலம் வரலாறு எழுதப்பட்டது. சிறு விவசாயி அழிந்தான், பெரும் பண்ணைகள் வந்தன, அடிமைகள் உழைத்தார்கள், அதனால் குடியரசு ஆட்டம் கண்டது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். இந்தக் கதையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதைச் சொன்ன எல்லோரும் நகரத்து மேல்தட்டு மக்கள். அந்தச் சிறு விவசாயி தன் வாயால் சொன்ன ஒரு வரிகூட இதில் இல்லை.

போரிலிருந்து வந்த ஒரு மனிதர்

ரோமில் பிரிட்டிஷ் ஸ்கூல் என்று ஒரு நிறுவனம் உண்டு. பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் என்று நினைத்துவிடாதீர்கள், அது ஆராய்ச்சி நிலையம். 1946 முதல் 1974 வரை அதன் இயக்குநராக இருந்தவர் ஜான் வார்டு-பெர்கின்ஸ்.

இவருடைய முன்கதையில் நமக்குத் தெரிந்த ஒருவர் வருகிறார். போருக்கு முன் லண்டன் அருங்காட்சியகத்தில் மார்டிமர் வீலருக்கு உதவியாளராக இருந்தவர் இவர். இரண்டாம் உலகப் போரில் இருவரும் வட ஆப்பிரிக்கப் போர்முனையில் இருந்தார்கள். லிபியாவில் இருந்த பழைய ரோமானிய நகரங்களைப் படைவீரர்கள் நாசப்படுத்தாமல் காக்க இருவரும் பாடுபட்டார்கள். 1944-இல் வீலர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இங்கே வந்துவிட்டார். வீலர் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வார்டு-பெர்கின்ஸ் ரோமுக்கு வந்தபோது சுற்றுவட்டாரம் மாறிக்கொண்டிருந்தது. பல நூற்றாண்டுகளாக அங்கே பெரிய எஸ்டேட்டுகள், மேய்ச்சல் காடு, மலேரியா பயம். 1950-க்குப் பிறகு இத்தாலிய அரசு நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. எஸ்டேட்டுகள் பிரிக்கப்பட்டுச் சிறு விவசாயிகள் கைக்கு வந்தன. கூடவே டிராக்டரும் வந்தது. வெறும் புல் முளைத்துக் கிடந்த தரையில் கனமான இரும்புக் கலப்பை ஆழமாக இறங்கியது. ஒவ்வொரு உழவுக்கும் சிவப்பும் கறுப்புமாகப் பானை ஓடுகள், கூரை ஓடுகள், சுவர்க் கற்கள் மேலே வந்து விழுந்தன.

உழுகிறவருக்கு அது தொல்லை, பொறுக்கி வரப்பில் வீசிவிடுவார். வார்டு-பெர்கின்ஸுக்கு அது அபாயச் சங்கு. முதல் உழவில் மேலே வருவது, அடுத்தடுத்த உழவுகளில் நொறுங்கித் தூளாகிவிடும். சில ஆண்டுகளில் அங்கே வீடு இருந்ததற்கான அடையாளமே இருக்காது. இன்னொரு பக்கம் ரோம் நகரம் புதுப்புதுக் குடியிருப்புகளாக விரிந்து வந்துகொண்டிருந்தது. எல்லா இடத்தையும் தோண்டிப் பார்க்கப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே நடக்க முடிவு செய்தார்.

நடக்கிற ஆராய்ச்சி

இதற்கு மேற்பரப்பாய்வு என்று பெயர். அவருக்கு முன்பே அதே நிறுவனத்தின் தாமஸ் ஆஷ்பி இந்தப் பகுதி முழுவதையும் காலால் அளந்து, ரோமானியச் சாலைகளையும் கட்டடங்களையும் குறித்து வைத்திருந்தார். ஆஷ்பி பார்த்தது பெரும்பாலும் தரைக்கு மேல் நின்றவற்றை. வார்டு-பெர்கின்ஸின் குழு பார்த்தது காலடியில் சிதறிக் கிடந்தவற்றை.

முறை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும்.

1. உழவு முடிந்து ஒரு மழை பெய்த பிறகு போக வேண்டும். மழை மண்ணைக் கழுவி ஓட்டைப் பளிச்சென்று காட்டும். பயிர் வளர்ந்துவிட்டால் ஒன்றும் தெரியாது.

2. நிலத்தில் ஆட்கள் இடைவெளி விட்டு நடக்க வேண்டும். கண் தரையில் இருக்க வேண்டும்.

3. ஓடுகள் எங்கே நெருக்கமாகக் கிடக்கின்றனவோ அங்கே நிற்க வேண்டும். அது எவ்வளவு பரப்பு, என்னென்ன கிடக்கிறது என்று எழுதி, வரைபடத்தில் புள்ளி வைத்து, எண் கொடுக்க வேண்டும்.

4. அடையாளம் காட்டக்கூடிய ஓடுகளை எடுத்துப் பையில் போட்டு, அதே எண்ணைப் பையிலும் எழுத வேண்டும்.

இந்த நாலாவதுதான் முக்கியம். எந்த நிலத்தில் கிடைத்தது என்று தெரியாத ஓடு, பெயர் எழுதாத விடைத்தாள் மாதிரி. எவ்வளவு நன்றாக இருந்தாலும் மதிப்பெண்ணை யார் கணக்கில் வைப்பது?

சிதறலைப் பார்த்தே வீட்டின் தரத்தை ஓரளவு சொல்லலாம். சிறிய பரப்பில் கூரை ஓடும் சமையல் சட்டி உடைசலும் மட்டும் கிடந்தால் சின்னப் பண்ணை வீடு. பெரிய பரப்பில் பளிங்குத் துண்டு, தரையில் சித்திரமாகப் பதிக்கும் சிறு சதுரக் கற்கள், குளியலறைக் கட்டுமானத் துண்டுகள் கிடந்தால் பணக்காரரின் மாளிகை.

பயணம் வேயியைச் சுற்றித் தொடங்கி, தெற்கு எட்ரூரியா என்று சொல்லப்படும் அந்த வட்டாரத்தில் சுமார் 1000 சதுர கிலோமீட்டர் வரை விரிந்தது. 1950-களில் ஆரம்பித்து 1970-கள் வரை வேலை நடந்தது. வேயிப் பகுதியின் முடிவுகளை ஆன் கஹானே, லெஸ்லி மரே திரைப்லாண்ட் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் வார்டு-பெர்கின்ஸோடு சேர்ந்து 1968-இல் வெளியிட்டார்கள். முழு வட்டாரத்தின் கதையை டிம் பாட்டர் 1979-இல் புத்தகமாக எழுதினார்.

ஓடு எப்படி வயது சொல்லும்?

நம் வீட்டுப் பரணை நினைத்துக்கொள்ளுங்கள். பித்தளைக் குடம் ஒரு காலம், எவர்சில்வர் ஒரு காலம், பிளாஸ்டிக் ஒரு காலம். பாத்திரத்தைப் பார்த்தே எந்தத் தலைமுறையின் கல்யாணச் சீர் என்று பாட்டி சொல்லிவிடுவார். அதே சூத்திரம்தான்.

இத்தாலியில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டு முதல் 1-ஆம் நூற்றாண்டு வரை கறுப்புப் பளபளப்புப் பூச்சுள்ள தட்டும் கிண்ணமும் புழங்கின. அகஸ்டஸ் காலத்தை ஒட்டிச் சிவப்புப் பளபளப்பு வந்தது. அரெட்ஸோ நகரத்தின் பெயரால் இதை அரிட்டைன் மட்கலம் என்கிறார்கள். கி.பி. 1-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இன்றைய துனிசியாப் பகுதியில் செய்த ஆப்பிரிக்கச் சிவப்பு மட்கலம் வரத் தொடங்கி, கி.பி. 7-ஆம் நூற்றாண்டு வரை கடல் தாண்டி வந்துகொண்டிருந்தது. ஒரு நிலத்தில் இந்த மூன்றும் கிடைத்தால், அங்கே எந்தெந்தக் காலத்தில் அடுப்பு எரிந்தது என்று சொல்லிவிடலாம்.

இப்போது வீலருக்கு வருவோம். 1945-இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டை அவர் தோண்டினார் அல்லவா? அங்கே காலக்கணக்கை நிறுத்த அவருக்குக் கைகொடுத்தது இதே அரிட்டைன் ஓடுதான். காலம் தெரிந்த இத்தாலிய ஓடு கிடந்த மண்ணடுக்கிலேயே கிடந்த உள்ளூர்ப் பொருள்களுக்கும் அதை வைத்து வயது சொன்னார். வேயிப் பக்கத்து விவசாயியின் நிலத்துக்கும் நம் கடற்கரைக்கும் வயது சொன்னது ஒரே வகைச் சட்டி என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

நிலம் சொன்ன கதை

அவர்கள் வரைபடத்தில் வைத்த புள்ளிகள் ஒன்றிரண்டு அல்ல, ஏறத்தாழ 2000. என்ன தெரிந்தது?

ஒன்று, எட்ருஸ்கர் காலத்திலேயே வேயியைச் சுற்றிச் சின்னச் சின்னப் பண்ணை வீடுகள் பரவி இருந்தன. அவர்களின் சாலைகள் எல்லாம் வேயியை நோக்கியே போயின. ஈரமான பள்ளத்தாக்கிலிருந்து தண்ணீரை வடிக்கப் பாறைக்குள் ஆள் புகும் அளவுக்குச் சுரங்கக் கால்வாய்கள் குடைந்திருந்தார்கள்.

இரண்டு, கி.மு. 396-க்குப் பிறகு கிராமப்புறம் சுடுகாடாகிவிடவில்லை. பழைய பண்ணை வீடுகள் பலவற்றில் அதற்குப் பிந்தைய கறுப்பு ஓடும் கிடைத்தது. புதிய வீடுகளும் முளைத்தன. பழைய ஆளே இருந்தாரா, 7 யூகேரா வாங்கிய புதிய ஆள் வந்தாரா என்று ஓடு சொல்லாது. ஆனால் யாரோ உழுதார்கள், சமைத்தார்கள். காலப்போக்கில் ரோமானியர்கள் தங்கள் நெடுஞ்சாலைகளை ரோமிலிருந்து வடக்கே போட்டார்கள். எல்லாச் சாலையும் வேயிக்கு என்ற காலம் போய், எல்லாச் சாலையும் ரோமுக்கு என்றாயிற்று. பைபாஸ் போட்ட பிறகு பழைய கடைத்தெரு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்று, பேரரசின் ஆரம்ப நூற்றாண்டுகளில்தான் வீடுகள் மிக அதிகம். பெரிய மாளிகைகளுக்குப் பக்கத்திலேயே சின்னப் பண்ணைகளும் இருந்தன. பெரிய மீன் எல்லாச் சின்ன மீனையும் விழுங்கிவிட்டது என்ற பழைய கதை இந்த வட்டாரத்துக்கு அப்படியே பொருந்தவில்லை.

நான்கு, கி.பி. 3-ஆம் நூற்றாண்டிலிருந்து புள்ளிகள் குறைகின்றன, பிறகு மிகவும் அருகிவிடுகின்றன. கி.பி. 8-ஆம் நூற்றாண்டில் முதலாம் ஹேட்ரியன் என்ற போப்பாண்டவர் வேயிப் பகுதியில் கப்ராகோரம் என்ற பண்ணையை அமைத்து, அதன் விளைச்சலை ரோம் நகரத்து ஏழைகளின் சாப்பாட்டுக்கு ஒதுக்கினார். அந்தப் பண்ணையின் தேவாலயம் இருந்த சாந்தா கொர்னேலியா என்ற இடத்தையும் வார்டு-பெர்கின்ஸ் காலத்தில் தோண்டினார்கள்.

உள்ளேன் ஐயா!

இத்தோடு முடித்தால் பாடம் பாதிதான். இந்தப் புள்ளிகளை எப்படிப் புரிந்துகொள்வது?

வருகைப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். பெயர் கூப்பிட்டால் முன்பெஞ்சுப் பையன் தொண்டை கிழிய "உள்ளேன் ஐயா" என்பான். கடைசி பெஞ்சில் ஒருவன் முணுமுணுப்பான். காதில் விழவில்லை என்பதற்காக அவன் வரவில்லை என்று குறித்துவிடலாமா? எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

பளபளக்கும் ஓடு முன்பெஞ்சுப் பையன். எந்த மண்ணிலும் கண்ணில் படும், காலமும் தெளிவாகத் தெரியும். உள்ளூர்க் குயவர் செய்த சொரசொரப்பான சமையல் சட்டி கடைசி பெஞ்சுப் பையன். நூற்றாண்டுக் கணக்கில் ஒரே மாதிரி இருக்கும், வயது சொல்வது கடினம். ஆப்பிரிக்கக் கப்பல் குறைந்து சிவப்புத் தட்டின் வரத்து குறைந்தால், அதை வாங்க முடியாத ஏழை, வரைபடத்திலிருந்தே காணாமல் போய்விடுவான். அவன் உயிரோடுதான் இருப்பான். மண் சட்டியில் கூழ் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருப்பான்.

இந்தச் சந்தேகம் வந்ததால் என்ன செய்தார்கள் தெரியுமா? 1997-இல் டைபர் பள்ளத்தாக்குத் திட்டம் என்று ஒன்றைப் பிரிட்டிஷ் ஸ்கூல் தொடங்கியது. ஹெலன் பேட்டர்சன் தலைமையில், அந்தப் பழைய பைகளை மறுபடியும் பிரித்து ஓடு ஓடாகப் பார்த்தார்கள். முதல் குழு நடந்த நாளில் இல்லாத அறிவு இப்போது இருந்தது. உதாரணமாக, ஆப்பிரிக்கச் சிவப்பு மட்கலத்தின் காலத்தை நுணுக்கமாக வகுத்த ஜான் ஹேய்ஸின் நூல் 1972-இல்தான் வந்தது. கறுப்பு ஓட்டையும் பொத்தாம்பொதுவாக "குடியரசுக் காலம்" என்று சொல்லாமல், வடிவத்தை வைத்துக் குறுகிய காலப் பிரிவுகளாகப் பிரிக்க முடிந்தது. அந்த மறு ஆய்வின் முழு நூல் 2020-இல் வெளிவந்தது.

சில முடிவுகள் உறுதிப்பட்டன. பேரரசின் தொடக்கத்தில்தான் குடியிருப்பு உச்சம் என்பது நின்றது. சில முடிவுகள் மறுபடி விவாதத்துக்கு வந்தன. ஹன்னிபாலோடு நடந்த போரை ஒட்டிய காலத்தில் வேயியைச் சுற்றி ஒரு சரிவு தெரிகிறது என்றார்கள் ஒரு சாரார். அப்படியானால் டைபீரியஸ் கிராக்கஸ் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆட்கள் குறைந்தார்களா, கையில் காசில்லாமல் கறுப்புக் கிண்ணம் வாங்குவதைக் குறைத்தார்களா என்று கேட்டார்கள் மறு சாரார். இரண்டு கேள்வியும் நியாயமானவை.

நம் அரிக்கமேட்டிலும் இதே நடந்தது. உட்புறத்தில் வரிவரியாக உருளை அச்சுக் கோலம் போட்ட தட்டுகளை மேலைநாட்டுச் சரக்கு என்று வீலர் கருதினார். பின்னால் விமலா பெக்லி முதலிய ஆய்வாளர்கள் அவை இந்தியாவிலேயே செய்தவை என்று காட்டினார்கள். வீலர் தோண்டியதையும் எழுதியதையும் ஒழுங்காக வைத்திருந்ததால்தான் திருத்த முடிந்தது.

இதில் நமக்கு என்ன?

இன்று தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது. அதே தெற்கு எட்ரூரியாவில் ஃபலேரி நோவி என்ற ரோமானிய நகரத்தை, ஒரு கூடை மண்கூட அள்ளாமல், தரை ஊடுருவும் ரேடாரால் முழுவதுமாக வரைபடமாக்கிய செய்தி 2020-இல் வந்தது. கோயில், சந்தை, குளியல் மண்டபம் எல்லாம் தெரிகின்றன. ஆனால் வேயியைச் சுற்றி 1950-களில் கலப்பை கிளறிய பல சின்னப் பண்ணை வீடுகளுக்கு இனி எந்த ரேடாரும் உதவாது. மண்ணுக்குள் ஒன்றும் மிச்சமில்லை. அவை இருந்ததற்கு இப்போது ஒரே சாட்சி, யாரோ ஒருவர் சேற்றில் நின்று பையின் மேல் எழுதிய அந்த எண்.

அந்த வீட்டுக்காரர் பெயர் நமக்குத் தெரியாது. சீசர் பெயர் தெரிந்த அளவுக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் இருந்தார், அந்த மேட்டில் நாலைந்து ஏக்கர் வைத்திருந்தார், பேரன் காலம் வரை அங்கே உலை கொதித்தது என்று சொல்ல முடிகிறது. புத்தகம் "ஆளில்லை" என்று எழுதிய இடத்தில் ஆள் இருந்தார் என்று நிரூபிக்க, உடைந்த சட்டியும் அதற்குரிய இடக்குறிப்பும் போதுமானதாக இருந்தன.

பிள்ளைகளே, உங்களில் பலர் நிலம் வைத்திருக்கிறீர்கள், சிலர் ஜே.சி.பி. ஓட்டுகிறீர்கள், சிலர் மனை பிரித்து விற்கிறீர்கள். மண்ணைக் கிளறும்போது பழைய ஓடோ தாழியோ தென்பட்டால் எடுத்து வந்து ஷோகேஸில் வைக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டுப் படம் எடுங்கள், சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். ஓட்டைவிட அது கிடந்த இடம் பெரிது.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்த வரை பதில் சொல்கிறேன். அந்த எட்ருஸ்கர் சுரங்கக் கால்வாய்களைப் பற்றி அடுத்த பதிவில் எழுதலாம் என்று இருக்கிறேன். கடைசி வரை படித்தவர்கள் ஒரு "உள்ளேன் ஐயா" போட்டுவிட்டுப் போங்கள். கடைசி பெஞ்சுக்காரர்களும்தான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்